ஒரே பாஸ்வேர்ட்டிலை ஓடுற கந்தோர் வைஃபையை ஆளுக்கொரு பெயருக்கு மாத்த ஏலுமோ?

2025 யூலை 5, காலை. பரந்தனிலிருந்து ஒரு வாசகி கேட்டது

அண்ணை, எங்கடை சங்கக் கந்தோரிலை ஒரு ஃபைபர் றூட்டர், ஒரு சுவிச், மூண்டு அக்சஸ் பொயின்ட் (வைஃபை குடுக்கிற பெட்டி) இருக்கு. முப்பது பேர் வரை வேலை செய்யினம். எல்லாருக்கும் ஒரே வைஃபை பாஸ்வேர்ட். விலகிப் போனவைக்கும் தெரியும், எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்கும் தெரியும். மாத்தினாலும் கொஞ்ச நாளிலை ஊருக்கே போயிடுது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட் எண்டு குடுக்க ஏலுமோ? விலை கேட்ட இடத்திலை, இருக்கிறதெல்லாம் கழட்டிப் புதுசாய்ப் போட வேணும் எண்டு சொல்லினம். சங்கத்திலை அவ்வளவு காசில்லை.

2025 யூலை 5, பின்னேரம்

ஏலும் தங்கச்சி. ஒண்டையும் கழட்டத் தேவையில்லை. வயர் அப்படியே இருக்கட்டும், சுவிச் இருக்கட்டும், ஐபி முகவரிகளும் இருக்கட்டும். மாறப்போறது அக்சஸ் பொயின்டிலை ஒரு தெரிவு மட்டும்தான். இப்ப ‘டபிள்யூபிஏ2 பேர்சனல்’ எண்டு இருக்கும். அதை ‘டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ்’ எண்டு மாத்தினால் பாஸ்வேர்ட் கேக்கிற பெட்டி போய், சேர்வரின்ரை முகவரி, போர்ட் 1812, ஒரு இரகசியச் சொல் எண்டு மூண்டு பெட்டி வரும். அந்தச் சேர்வர்தான் ரேடியஸ். போனிலை ஆள் குடுக்கிற பெயரையும் பாஸ்வேர்ட்டையும் சரிபார்க்கிறது அது. அக்சஸ் பொயின்ட் இரண்டு பக்கத்துக்கும் நடுவிலை தகவல் காவுறதோடை சரி, அதுக்கு ஒருத்தற்றை பாஸ்வேர்ட்டும் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 802.1எக்ஸ். 2001 இலேயே வந்த தரம். அதாலை, உங்கடை அக்சஸ் பொயின்ட் கொஞ்சம் பழசு எண்டாலும் பெரும்பாலும் இது இருக்கும். பெட்டிக்குக் கீழை ஒட்டியிருக்கிற மொடல் இலக்கத்தைப் பார்த்து, அதின்ரை விபரத் தாளிலை ‘என்டர்பிரைஸ்’ எண்டோ ‘802.1எக்ஸ்’ எண்டோ இருக்குதோ எண்டு தேடுங்கோ. ஃபைபர்காரர் தந்த றூட்டரிலை அந்தத் தெரிவு இல்லாமலும் போகலாம். இல்லையெண்டால் அதின்ரை வைஃபையை மட்டும் நிப்பாட்டிப் போட்டு, இன்டர்நெட்டுக்கு மாத்திரம் வைச்சுக்கொள்ளுங்கோ.

செலவு எண்டு பார்த்தால் சேர்வருக்கு ஒரு பழைய டெஸ்க்டொப் போதும். முப்பது பேருக்கு ரேடியஸ் செய்யிற வேலை மிகக் குறைவு. ஃப்ரீரேடியஸ் எண்ட மென்பொருள் இலவசம், லினக்ஸிலை ஓடும்.

2025 யூலை 6

முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “ஏன் இவ்வளவு பாடு? பிரவுசரிலை பக்கம் திறந்து பெயர் கேக்கிற மாதிரிச் செய்தால் என்ன, ஹோட்டலிலை இருக்கிற மாதிரி?”

விருந்தாளிகளுக்கு அது நல்லது. கந்தோருக்குப் போதாது. அந்த முறையிலை காற்றிலை போற தரவுக்கு வைஃபை ஒரு பூட்டும் போடாது. உள்ளை வந்த ஒருத்தற்றை மாக் இலக்கத்தை (சாதனத்தின்ரை வைஃபை அடையாள இலக்கம்) பார்த்து இன்னொருத்தர் தன்ரை லப்டொப்பிலை போட்டால், அந்த ஆளாகவே உள்ளை வரலாம். ஒரே பாஸ்வேர்ட் முறையிலும் இதோடை சேர்ந்த பிரச்சினை இருக்கு, நேற்று அதைச் சொல்லாமல் விட்டிட்டன். பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒருத்தர், மற்றவர் இணையிற நேரத்திலை நடக்கிற நாலு செய்திப் பரிமாற்றத்தைப் பிடிச்சால், அதுக்குப் பிறகு அவர் அனுப்புறதை விரிச்சுப் பார்க்கலாம். என்டர்பிரைஸ் முறையிலை ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தடவையும் வேற திறவுகோல் உருவாகும். விலகிப் போனவரை நிப்பாட்டிறது இதின்ரை ஒரு பயன்தான். பக்கத்து மேசைக்காரர் உங்கடை தரவைப் பார்க்க ஏலாது எண்டது அதைவிடப் பெரிய பயன்.

2025 யூலை 12

பரந்தன் தங்கச்சி மொடல் இலக்கங்களைத் தேடிப் பார்த்திட்டா, மூண்டிலும் இருக்காம். சந்தோசம். இனிச் சேர்வர்.

டெபியன் எண்ட லினக்ஸைப் போட்டு அதிலை ஃப்ரீரேடியஸ் போடுங்கோ. தொடக்கத்திலை மூண்டு இடத்திலைதான் கை வைக்க வேணும். முதலாவது, கிளையன்ட் பட்டியல். இதிலை கிளையன்ட் எண்டால் போன் இல்லை, அக்சஸ் பொயின்ட். ஒவ்வொண்டின்ரை ஐபியையும் அதுக்குரிய இரகசியச் சொல்லையும் எழுத வேணும். இரண்டாவது, ஆட்களின்ரை பட்டியல். மூண்டாவது, சான்றிதழ். அதைப் பிறகு தனிய எழுதுறன், அது ஒரு பந்தியிலை முடியிற விசயம் இல்லை.

மாதிரிக் கோப்பிலை இரகசியச் சொல் ‘டெஸ்டிங்123’ எண்டு இருக்கும். உலகத்திலை எல்லாருக்கும் தெரிஞ்ச சொல் அது. நீளமாய், ஒவ்வொரு அக்சஸ் பொயின்டுக்கும் வேற வேறயாய்ப் போடுங்கோ.

அக்சஸ் பொயின்ட்களுக்கு ஐபி மாறாமல் இருக்க வேணும். சேர்வருக்குத் தெரியாத முகவரியிலிருந்து கேள்வி வந்தால் அது ‘இல்லை’ எண்டு கூடப் பதில் சொல்லாது, சும்மா விட்டிடும். போனிலை ‘இணைகிறது’ எண்டு சுத்திக்கொண்டே நிக்கும். ஒரு கந்தோரிலை பின்னேரம் முழுக்க இதைத்தான் தேடினது. கரண்ட் போய் வந்த பிறகு அக்சஸ் பொயின்டுக்கு வேற ஐபி கிடைச்சிருந்தது. வேற ஒரு பிழையும் இல்லை.

ஃப்ரீரேடியஸைத் தொடக்கிற கட்டளையோடை முதலிலை ‘-எக்ஸ்’ சேர்த்து, திரையிலை ஓட விடுங்கோ. வாற ஒவ்வொரு கேள்வியும், அதை எப்பிடி யோசிச்சுது, ஏன் மறுத்துது எண்டதும் வரி வரியாய் வரும். நீட்டாய்த்தான் இருக்கும், பயப்படாமல் கீழேயிருந்து மேலை வாசியுங்கோ. கனபேர் அதைப் பார்க்காமல் அமைப்புக் கோப்பிலை அங்கை இங்கை மாத்திப் பார்த்து, முதலிலை வேலை செய்ததையும் கெடுத்துப் போடுகினம்.

பழைய வைஃபையைத் தொடாதேங்கோ. பக்கத்திலை புதுப் பெயரிலை ஒண்டு, ஒரே ஒரு அக்சஸ் பொயின்டிலை. உங்கடை போன் மட்டும். அது ஓடினால் பிறகு உங்கடை பிரிவு. எல்லாரும் மாறின பிறகுதான் பழையதை நிப்பாட்டிறது.

2025 யூலை 13

பாஸ்வேர்ட்களை எப்பிடிச் சேமிக்கிறது எண்டு மல்லாவியிலிருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

போன்கள் வழமையாய்ப் பேசுறது பீஈஏபி, அதாவது சேர்வர் வரைக்கும் பூட்டின ஒரு சுரங்கம் போடுற முறை. அதுக்குள்ளை பாஸ்வேர்ட்டைச் சவாலும் பதிலுமாய்ச் சரிபார்க்கிற எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு. இதுக்குச் சேர்வரிலை பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாய் இருக்க வேணும், இல்லாட்டி விண்டோஸ் முறையிலை மாத்தின என்டி ஹாஷாய் இருக்க வேணும் (ஹாஷ் எண்டால் திருப்பி எடுக்க ஏலாத மாதிரி மாத்தின வடிவம்). உங்களிட்டை ஏற்கனவே மின்னஞ்சல் சேர்வரிலை ஆட்களின்ரை பட்டியல் இருந்து, அதிலை பாஸ்வேர்ட் உப்பு, அதாவது ஆளுக்கொரு தற்செயல் எழுத்து, சேர்த்த வேற ஹாஷாய் இருந்தால், இரண்டும் ஒருக்காலும் பொருந்தாது. அப்ப டிடிஎல்எஸ் எண்ட இன்னொரு சுரங்க முறை, உள்ளை பாப் எண்ட பாஸ்வேர்ட் முறை. அதிலை பாஸ்வேர்ட் சுரங்கத்துக்குள்ளாலை அப்படியே வரும், சேர்வர் எந்த ஹாஷோடையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் 8 இலிருந்து டிடிஎல்எஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கு.

எம்எஸ்சாப் இப்ப உறுதியான பூட்டு இல்லை. 2012 இலேயே அதை ஒரு 56 பிட் திறவுகோலைத் தேடுற வேலையாய்ச் சுருக்கிக் காட்டினவை. சுரங்கத்துக்கு வெளியிலை அது அகப்பட்டால் பாஸ்வேர்ட் போனது போனதுதான். ஆகவே எல்லாப் பாரமும் அந்தச் சுரங்கத்திலை. சுரங்கத்தின்ரை பாரம் சான்றிதழிலை.

2025 யூலை 20

சான்றிதழ். இந்த இழையிலை ஒண்டை மட்டும் வாசிக்கிறதெண்டால் இதை வாசியுங்கோ.

மீற்றர் பார்க்க வந்தனான் எண்டு ஒருத்தர் படலையிலை நிண்டால், அவரின்ரை அட்டையைப் பார்த்திட்டுத்தானே உள்ளை விடுவம். இதிலையும் அதுதான். போன் தன்ரை பாஸ்வேர்ட்டைக் குடுக்க முதல், சேர்வர் தான் ஆரெண்டு காட்ட வேணும். அந்த அட்டைதான் சான்றிதழ். அதைப் பார்க்காமல் விடுற போன், அதே வைஃபைப் பெயரோடை ஆர் நிண்டாலும் கதைக்கும். பரந்தன் சந்தியிலை, பஸ்ஸுக்கு நிக்கிற இடத்திலை, பையுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டியோடை ஒருத்தர் நிண்டால் போதும். உங்கடை கந்தோரின்ரை வைஃபைப் பெயரைப் போட்டால், போற வாற உங்கடை ஆட்களின்ரை போன்கள் தாங்களாகவே அதோடை இணையப் பார்க்கும். அதிலை அகப்படுறது ஆளின்ரை சொந்தப் பெயரும் பாஸ்வேர்ட்டுக்கான சவாலும் பதிலும். அதே பாஸ்வேர்ட்டை மின்னஞ்சலுக்கும் வைச்சிருந்தால் அதுவும் போச்சு. சான்றிதழ் பார்க்காத 802.1எக்ஸ், பழைய ஒரே பாஸ்வேர்ட்டைவிடக் கேடு எண்டுதான் நான் சொல்லுவன்.

இதைக் கனபேர் ‘சரிபார்க்க வேண்டாம்’ எண்ட தெரிவாலை தாண்டிப் போனவை. அன்ட்ரொயிட் 11 இன்ரை 2020 டிசம்பர் அப்டேட்டிலிருந்து அந்தத் தெரிவையே எடுத்திட்டினம். அப்ப பெரிய சத்தம், “வைஃபை உடைஞ்சு போச்சு” எண்டு. உடையேல்லை, செய்ய வேண்டினதைச் செய்தவை. இப்ப அன்ட்ரொயிட் இரண்டு விசயம் கேக்கும்: எந்த அதிகாரியின்ரை (சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடுறவரின்ரை) சான்றிதழ், எந்த டொமைன். இரண்டையும் சரியாய்க் குடுங்கோ. டொமைன் எண்ட இடத்திலை, சேர்வரின்ரை சான்றிதழிலை எழுதியிருக்கிற பெயர். சொந்தச் சான்றிதழ் எண்டால் அது இன்டர்நெட்டிலை இருக்கிற பெயராய் இருக்கத் தேவையில்லை.

சின்னக் கந்தோருக்குச் சொந்தச் சான்றிதழ் அதிகாரிதான் நல்லது எண்டது என்ரை முடிவு. ஃப்ரீரேடியஸோடை வாற கருவியிலேயே செய்யலாம். ஆனால் மாதிரி அமைப்பிலை காலம் 60 நாள்தான் இருக்கும். அதை மாத்தாமல் விட்டால் இரண்டு மாதம் வடிவாய் ஓடி, ஒரு காலமை ஒருத்தருக்கும் வேலை செய்யாது. மூலச் சான்றிதழுக்கு, அதாவது அந்த அதிகாரியின்ரை சான்றிதழுக்கு, பத்து வருசம் குடுங்கோ. சேர்வர் சான்றிதழுக்கு ஒரு வருசம் குடுத்து, முடியிற திகதியைக் கலண்டரிலை எழுதுங்கோ. மூலம் மாறாமல் இருந்தால், சேர்வர் சான்றிதழை மாத்தேக்கை போன்களைத் தொடத் தேவையில்லை.

விண்டோஸுக்கு இன்னொண்டு வேணும். சான்றிதழுக்குள்ளை ‘சேர்வரை உறுதிப்படுத்த’ எண்ட பயன்பாட்டுக் குறிப்பு இருக்க வேணும். அது இல்லாட்டி அன்ட்ரொயிட் போன் இணையும், பக்கத்திலை இருக்கிற லப்டொப் இணையாது. ஏன் எண்டும் அது சொல்லாது.

மூலச் சான்றிதழின்ரை இரகசியத் திறவுகோலைச் சேர்வரிலை வைக்காதேங்கோ. ஒரு பென்டிரைவிலை போட்டு, காசுப்பெட்டி இருக்கிற இரும்பு அலுமாரிக்குள்ளை.

2025 யூலை 21

“தேத்தண்ணிக் கடைக்காரர் பாவம், அவருக்கு என்ன செய்யிறது?” எண்டு தங்கச்சி கேட்டிருக்கிறா. விருந்தாளி வைஃபை ஒண்டு தனிய, வேகம் குறைச்சு, கந்தோர் நெட்வேர்க்கைத் தொட ஏலாத மாதிரி. கடன் வாங்க வாற அங்கத்தவர்களும் அதைப் பாவிக்கலாம். தேத்தண்ணி தாறவரை ஏன் பகைப்பான்.

2025 ஓகஸ்ட் 3

கரண்ட்.

கொழும்பிலை இருந்து எழுதுற வழிகாட்டிகளிலை இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு இதுதான் பாதிச் சீவியம். 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அது ஊர் உலகம் அறிஞ்சது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவிலை ஒரு மரக்கொப்பு விழுந்து போறது ஒரு பேப்பரிலையும் வராது.

கரண்ட் திரும்பி வந்தால் அக்சஸ் பொயின்ட் கெதியாய் எழும்பிடும். பழைய டெஸ்க்டொப் தானாக எழும்பாமல் கிடக்கும். அதின்ரை பயோஸிலை (மெசின் தொடங்கேக்கை திறக்கிற அடிப்படை அமைப்பு) ‘மின்சாரம் வந்தால் தானாக இயங்கு’ எண்ட தெரிவை மாத்துங்கோ. சேர்வருக்கும் சுவிச்சுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். அக்சஸ் பொயின்டிலை ‘இரண்டாவது ரேடியஸ்’ எண்டு ஒரு பெட்டி இருக்கும், முதலாவது பதில் சொல்லாட்டி அங்கை கேக்கும். கந்தோரிலை இன்னொரு பழைய மெசின் இருந்தால் அதே கோப்புகளை அதிலையும் போட்டு இரண்டாவதாய் வையுங்கோ. ஒரே ரேடியஸ் விழுந்தால் கந்தோருக்கே வைஃபை இல்லை. பழைய முறையிலை இந்தப் பயம் இல்லை, அதையும் நேர்மையாய்ச் சொல்ல வேணும்.

அடுத்தது மணிக்கூடு. பழைய லப்டொப்பின்ரை மதர்போட்டிலை இருக்கிற சின்னப் பற்றரி செத்திருந்தால், முழுக்க நிண்டு எழும்பேக்கை திகதி பல வருசம் பின்னாலை போயிடும். அப்ப உங்கடை சான்றிதழ் அதுக்கு ‘இன்னும் தொடங்காத’ சான்றிதழ். இணையாது. இணையாட்டி இன்டர்நெட்டிலை நேரம் எடுக்க ஏலாது. நேரம் சரியில்லாட்டி இணையாது. சுத்திச் சுத்தி அதிலேயே நிக்கும். கேபிளைச் செருகி நேரத்தைச் சரிசெய்து, பற்றரியை மாத்துங்கோ. டெஸ்க்டொப்பிலை கூடுதலாய் சிஆர்2032 தான், விலை குறைவு. லப்டொப்பிலை பற்றரி கூடுதலாய் வயரோடை வரும், கழட்டிக் கடைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கோ. ராஸ்பெரி பையைச் சேர்வராய் வைக்கிறவை கவனிக்க: 4 வரைக்கும் அதிலை மணிக்கூடே இல்லை. 5 இலை இருக்கு, பற்றரி தனிய வாங்கிப் போட வேணும்.

இடி மின்னல் காலம் வருது. இரண்டு கட்டடத்துக்கு நடுவிலை வெளியாலை செப்புக் கேபிள் இழுத்திருந்தால் மாரிக்கு முதல் ஃபைபருக்கு மாத்துங்கோ. பக்கத்திலை விழுந்த ஒரு மின்னலிலை சுவிச்சும் அதிலை இருந்த அக்சஸ் பொயின்ட்களும் சேர்ந்து போனதைப் பார்த்தனான். ஃபைபர் மின்சாரம் கடத்தாது.

2025 ஓகஸ்ட் 4

பிரின்டர், கைரேகை மெசின். இதுகளிலை கனக்க 802.1எக்ஸ் தெரியாததுகள். கேபிளிலை விடுங்கோ. கேபிள் எட்டாட்டி அதுகளுக்கு மட்டும் நீளமான பாஸ்வேர்ட்டோடை ஒரு தனி வைஃபை. மாக் இலக்கத்தாலை வடிகட்டலாம் எண்டு ஆக்கள் சொல்லுவினம். அன்ட்ரொயிட் 10 இலிருந்தும் ஐஓஎஸ் 14 இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேற மாக் இலக்கம் காட்டும், பட்டியல் வைச்சுப் பிரயோசனமில்லை.

2025 ஓகஸ்ட் 16

ஆளைப் பொறுத்து வேற வேற வீலானிலை (ஒரே சுவிச்சிலை பிரிச்சு வைச்ச தனி நெட்வேர்க்) போட ஏலுமோ எண்டு வவுனியாவிலிருந்து ஒரு கேள்வி. ஏலும். ‘இவரை விடு’ எண்டு சொல்லேக்கை வீலான் இலக்கத்தையும் ரேடியஸ் சேர்த்து அனுப்பலாம். ஒரே வைஃபைப் பெயர், ஆனால் கணக்குப் பிரிவு ஒரு பக்கம், களஞ்சியம் ஒரு பக்கம். அதுக்கு வீலான் விளங்குற சுவிச் வேணும். பரந்தன் கந்தோரிலை இருக்கிறது சாதாரண சுவிச். தங்கச்சி இதை இப்ப விடட்டும். முதலிலை ஆளுக்கொரு பெயர் ஒழுங்காய் ஓடட்டும், சுவிச் பழுதாகி மாத்தேக்கை பார்க்கலாம்.

கணக்குப் பிரிவு பற்றி இன்னொரு யோசனை வருது. அங்கை இருக்கிறது கந்தோர் லப்டொப்கள், சொந்தப் போன் இல்லை. அதுகளுக்கு ஈஏபி டிஎல்எஸ் போடலாம். ஆளின்ரை பக்கமும் சான்றிதழ்தான், பாஸ்வேர்ட்டே இல்லை, ஆகவே களவெடுக்கவும் ஒண்டுமில்லை. முப்பது பேரின்ரை போனுக்கும் செய்யிறது பெரிய வேலை. நாலைந்து லப்டொப்புக்கு ஒரு பின்னேரம் போதும். யூலையிலை எல்லாருக்கும் பாஸ்வேர்ட் எண்டு எழுதினதை அந்தளவுக்கு மாத்துறன்.

2025 ஓகஸ்ட் 17

அறிவியல் நகரிலை படிக்கிற ஒரு பெடியன் எழுதினார்: “அண்ணை, நீங்கள் சொல்லுறது எங்கடை பல்கலைக்கழக வைஃபை எடுரோம் மாதிரி இருக்கே.” அதேதான் தம்பி. லேர்ன் வலையமைப்பாலை இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு வாற எடுரோமும் 802.1எக்ஸும் ரேடியஸும்தான். உங்கடை பெயருக்குப் பின்னாலை வாற பகுதியைப் பார்த்து, கேள்வியை உங்கடை பல்கலைக்கழகத்துச் சேர்வருக்கு அனுப்பிவிடும். வேற நாட்டுக்குப் போனாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட். கிளிநொச்சியிலை பொறியியல் பீடத்துப் பிள்ளையள் நாளாந்தம் பாவிக்கிற ஒண்டை, பக்கத்திலை இருக்கிற சங்கக் கந்தோருக்குக் ‘காசு காணாது, ஏலாது’ எண்டு சொல்லி அனுப்பியிருக்கினம். எனக்கு மனவருத்தமாய் இருக்கு.

2025 செப்டெம்பர் 7

பதிவுகளைப் பற்றி. இதை எழுதிறதோ எண்டு யோசிச்சனான், எழுதத்தான் வேணும்.

போர்ட் 1813 இலை கணக்குச் செய்திகள் வரும்: ஆர், எப்ப இணைஞ்சார், எப்ப விட்டார், எந்த அக்சஸ் பொயின்ட். முந்தி வைஃபைக்கு ஆள் தெரியாது. இப்ப தெரியும். ஒருத்தர் எத்தினை மணிக்கு வந்தார், மேல் மாடியிலை நிண்டாரோ கீழை நிண்டாரோ எண்டு அதிலை பார்க்கலாம். எங்கடை சனம் எத்தினையோ தரம் வரிசையிலை நிண்டு பெயர் பதிஞ்ச சனம். தங்களைப் பற்றின பட்டியல் ஒண்டு எங்கையோ எழுதப்படுது எண்டால் அதுகளுக்கு வாற கலக்கம் நியாயமானது. “வைஃபைதானே” எண்டு அதைத் தள்ளக் கூடாது.

ஆகவே, தொடங்க முதல் எல்லாரையும் கூப்பிட்டு இருத்திச் சொல்லுங்கோ. என்ன பதியுது, என்ன பதியேல்லை (எந்தப் பக்கம் பார்த்தவை எண்டது ரேடியஸிலை வராது), ஆர் பார்க்கலாம், எத்தினை நாளிலை அழியும். மூண்டு மாதத்துக்கு மேலை வைக்கத் தேவை இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. வரவு பார்க்கிறதுக்கு இதைப் பாவிக்கிறேல்லை எண்டு நிர்வாகசபைக் கூட்டக் குறிப்பிலை எழுதி வையுங்கோ. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு நாட்டிலை இருக்கு. அதுக்காக மட்டும் இல்லை, அந்த முப்பது பேரும் நம்பிப் பாவிக்க வேணும் எண்டதுக்காக.

2025 செப்டெம்பர் 9

2024 யூலையிலை வந்த ‘பிளாஸ்ட் ரேடியஸ்’ ஓட்டையைப் பற்றி மல்லாவி அண்ணை கேட்டிருக்கிறார். ரேடியஸ் இன்னும் எம்டி5 எண்ட பழைய ஹாஷ் முறையை நம்பியிருக்கிறதாலை வந்த பிரச்சினை அது. நடுவிலை நிக்கிற ஒருத்தர் ‘இல்லை’ எண்ட பதிலை ‘ஓம்’ எண்டு மாத்தலாம். வைஃபையிலை ஆளை உறுதிப்படுத்தப் பாவிக்கிற ஈஏபி செய்திகளிலை உறுதிப்படுத்தும் குறி கட்டாயம் இருக்கிறதாலை வைஃபைக்கு அது நேரடியாய்ப் பாதிக்கேல்லை. எண்டாலும் ஃப்ரீரேடியஸைப் புதுப்பியுங்கோ. ரேடியஸ் செய்திகள் கந்தோருக்கு வெளியிலை போகவும் விடாதேங்கோ. கிளைக் கந்தோருக்கும் இதே சேர்வரைப் பாவிக்கிறதெண்டால் விபிஎன் எண்ட பூட்டின இணைப்புக்குள்ளாலைதான்.

2025 ஒக்டோபர் 12

பரந்தனிலை ஓடத் தொடங்கியிட்டுது. பழைய வைஃபையையும் நிப்பாட்டியாச்சாம். கலியாணம் செய்து லண்டன் போறவர் ஒருத்தர் வேலையை விடுறாராம், அவரை எப்பிடி எடுக்கிறது எண்டு கேள்வி.

பட்டியலிலிருந்து அவரின்ரை வரியை எடுத்து, சேர்வரைத் திரும்ப ஓட விடுங்கோ. ஒண்டைக் கவனியுங்கோ: அந்த நேரம் அவர் இணைஞ்சிருந்தால் உடனே விழமாட்டார். திரும்ப உறுதிப்படுத்துற நேரம் வரைக்கும் இருப்பார். ‘ஓம்’ எண்ட பதிலோடை அமர்வுக் காலத்தையும் சேர்த்து அனுப்பலாம், ஒரு மணித்தியாலம் எண்டால் 3600 வினாடி. அவசரம் எண்டால் அக்சஸ் பொயின்டின்ரை பக்கத்திலை அவரைக் கையாலை வெட்டிவிடுங்கோ. டிஎல்எஸ் சான்றிதழ் குடுத்த லப்டொப் எண்டால் பட்டியலிலை எடுத்தால் காணாது. அந்தச் சான்றிதழை இரத்துச் செய்து, இரத்துப் பட்டியலைச் சேர்வரிலை புதுப்பிச்சு, அதைப் பார்க்கச் சொல்லிற தெரிவும் போட்டிருக்க வேணும்.

இந்த வேலையைக் கந்தோரிலை இன்னொருத்தரும் ஒருக்கால் தன்ரை கையாலை செய்து பார்க்கட்டும், தங்கச்சி. இந்த முறை விலகிறவரின்ரை பெயரை அந்த ஆளே எடுக்கட்டும், நீங்கள் பக்கத்திலை இருந்து பாருங்கோ. திறவுகோல் இருக்கிற பென்டிரைவ் எந்தத் தட்டிலை எண்டதையும் அந்த ஆளுக்குக் காட்டுங்கோ.